ஹெலன்ஸ்பர்க்கில் வெறுங்காலோடு

திருச்சி விமான நிலையத்துக்கு என்னை வழியனுப்ப வந்த அண்ணன் "பத்திரமா போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் ஒரு தோல் பையைத் திணித்தார். பாஸ்போர்ட் கச்சிதமாக அடங்கும் அளவு, கழுத்தில் மாட்டிக்கொள்ள நீளமான வார். அண்ணன் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் மேனேஜர். தோல் விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

"ஒரிஜினல் தோல் அம்மணி. குளிக்கறப்பகூடக் கழட்டிப்போடாத. தொலைச்சுப்போட்டு அங்கிருந்து அழுதுட்டு போன் பண்ணுனீன்னா நான் வரமாட்டேன், ஆமா."

"நீங்க வர வேண்டாங்கண்ணா. உங்களுக்கு விசா கிடைக்கறதுக்குள்ள நானே வந்துருவேன்" என்றேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கரூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் இருபத்தேழு வருஷமாகப் பெட்ஷீட் செக்கிங். நான் புரட்டிப் பார்த்துப் பாஸ் பண்ணி அனுப்பிய விரிப்புகளில் பாதி ஆஸ்திரேலியாவுக்குத்தான் போயிருக்கின்றன. விரிப்பு போன ஊருக்கு நான் ஒரு தடவை போனால் என்ன? கோவை டிராவல்ஸ் ஒன்றில் விசாரித்தேன். பத்து நாள், நாற்பது பேர், மூன்று வேளையும் நம்ம சாப்பாடு என்றார்கள். ரசம் சாப்பிட நான் ஏன் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும்? தனியாகவே போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. கடைசியில் அண்ணன் ஒரு வழிக்கு வந்தார். ஒரு குறையும் இல்லாமல் போய்த் திரும்பினால், இனிமேல் நான் எங்கே போனாலும் அவர் வாயைத் திறக்கமாட்டார். ஏதாவது ஏடாகூடமானால், இந்த ஜென்மத்துக்குத் தனிப் பயணம் என்ற பேச்சே கிடையாது. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் நாள். சிங்கப்பூரில் மாறி, காலை ஏழு மணிக்குச் சிட்னியில் இறங்கினேன். வெளிநாடு என்றால் குளிர் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னதைக் கேட்டு இரண்டு ஸ்வெட்டர் எடுத்துப் போயிருந்தேன். அங்கே ஜனவரி கொளுத்துகிற வெயில் காலம். பத்து மணிக்குள் முப்பத்திரண்டு டிகிரி. ஸ்வெட்டர்கள் கடைசிவரை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

தங்கியது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பெண்களுக்கான ஹாஸ்டல் அறை. நான்கு கட்டில், ஒரு ராத்திரிக்கு 58 டாலர். மற்ற மூவரும் என் வயதில் பாதிகூட இல்லை. உள்ளே போனதும் முதல் வேலையாக விரிப்பின் மூலையைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். அங்குலத்துக்கு எட்டுத் தையல்கூட இல்லை. எங்கள் டேபிளில் அது தாண்டியிருக்காது. மேல் கட்டில் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மூட்டைப்பூச்சி தேடுகிறேன் என்று நினைத்திருப்பாள், பாவம்.

இரண்டாம் நாள். கூஜியில் ஆரம்பித்து பாண்டை வரை கடலோரமாகவே ஆறு கிலோமீட்டர் நடைபாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் நீலக் கடல். நடுவில் ஒரு கல்லறைத் தோட்டம், அதுவும் கடலைப் பார்த்தபடி. தமராமா கடற்கரைக்கு வந்தபோது என் செருப்பின் அடிப்பாகம் சூட்டில் பிளந்துகொண்டது. ஆம்பூர்ச் செருப்புதான், அண்ணனிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. மீதி தூரத்தைத் தலைமுடி ரப்பரால் கட்டிக்கொண்டு நடந்து, நகரத்துக்குத் திரும்பி ஒரு பெரிய கடையில் சாம்பல் நிறக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். பதினைந்து டாலர். கட்ட நாடா கிடையாது, அப்படியே மாட்டிக்கொள்ளலாம். மறுநாள் ரயிலில் பார்த்தால் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் காலிலும் அதே ஷூ.

நான்காம் நாள், ஞாயிறு. திங்கள் காலை மெல்பர்னுக்கு ரயில், வியாழக்கிழமை மெல்பர்னிலிருந்து ஊருக்கு விமானம். நடுவில் கிடைத்த இந்த ஒரு நாளைப் பெருமாளுக்குக் கொடுப்போம் என்று தோன்றியது. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் காட்டுக்குள் ஒரு வெங்கடாசலபதி கோயில் இருக்கிறது. எல்லோரும் காரில்தான் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க ரயிலில் சுற்றினாலும் பத்து டாலரைத் தாண்டாது என்பதால் நான் ரயிலில் போனேன்.

சென்ட்ரலிலிருந்து ஒரு மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கியவர்கள் மூன்றே பேர். ஆட்டோ என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. நடந்தால் நாற்பது நிமிஷம் என்றது போனில் மேப். மேட்டுப்பாதை, இரண்டு பக்கமும் யூகலிப்டஸ், காதைத் துளைக்கிற சில்வண்டுச் சத்தம். வழியில் ஒரு மனுஷர் இல்லை. எதற்கடி இந்த வேலை உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம். சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

பகல் 12 மணி. இங்கேதான் அந்த மகா புத்திசாலித்தனத்தைச் செய்தேன். தோல் சாமான் எதையும் சன்னதிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். ஆண்கள் பெல்ட்டைக்கூடக் கழற்றிச் செருப்பு மேல் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஹெலன்ஸ்பர்க்கில் அப்படி ஒரு போர்டும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் கழுத்தில் தொங்குவது ஒரிஜினல் தோல் ஆயிற்றே, அதோடு எப்படிப் பெருமாள் முன்னால் நிற்பது? போனும் பர்ஸும் இருந்த துணிப்பைக்குள் போட்டாலும் உள்ளே வந்த கணக்குதானே? காவிரியில் குளிக்கும்போது பணத்தைச் செருப்புக்குள் ஒளித்துவிட்டு இறங்குகிற ஊர்க்காரி நான். பாஸ்போர்ட்டோடு அந்தப் பையை வலது ஷூவுக்குள் நுனி வரை தள்ளி, மேலே சாக்ஸைத் திணித்து, செருப்பு அடுக்கில் மேல் தட்டில் வைத்துவிட்டு, நிம்மதியாக உள்ளே போனேன்.

தரிசனம் அருமை. பெருமாளிடம் எதுவும் கேட்கவில்லை, நல்லபடியாக இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கேண்டீனில் ஒரு தட்டு புளியோதரை சாப்பிட்டேன்.

பகல் 12.50. வெளியே வந்தேன். ஷூ மேல் தட்டில் இல்லை, கீழ்த் தட்டில் இருந்தது. யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்று வலது ஷூவுக்குள் கையை விட்டேன். சாக்ஸ் இல்லை. பை இல்லை. இடது ஷூவிலும் இல்லை. இரண்டையும் கவிழ்த்துத் தட்டினேன், கொஞ்சம் மணல்தான் விழுந்தது.

ஷூவை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்றால் அது திருட்டு. வியாழக்கிழமை விமானம் போச்சு. தூதரகம், போலீஸ், அண்ணன். அந்த மூன்றில் எது அதிகப் பயம் என்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அண்ணன்தான்.

அர்ச்சனைச் சீட்டுக் கவுன்டரில் இருந்த மலேசியத் தமிழம்மாவிடம் ஓடினேன். எல்லோரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இங்க யாரும் திருட மாட்டாங்க லா. முதல்ல தண்ணி குடிங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டினார். குடிக்கும் நேரத்தில், ஊரில் காலை ஏழரை மணி ஆனதற்கு அடையாளமாக, என் போன் அடித்தது. அண்ணன் தினமும் அந்நேரத்துக்கு வீடியோவில் வருவார். எடுக்காவிட்டால் எடுக்கிறவரை அடிப்பார்.

"என்ன அம்மணி, மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்குது?"

"வெயிலுங்கண்ணா. பாருங்க, கோபுரம்" என்று போனை மேலே திருப்பிவிட்டேன்.

"பை கழுத்துல இருக்குதா?"

"பத்திரமா இருக்குதுங்கண்ணா." கோயில் வாசலில் நின்றுகொண்டு, கூசாமல் சொன்னேன். எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பி அந்த ஷூவுக்குள் காலை விட்டேன். கால் உள்ளே நீச்சலடித்தது. மூன்று விரல் இடம் பின்னால் மிச்சம். இது என் ஷூவே இல்லை! அதே கடை, அதே சாம்பல் நிறம், ஆனால் வேறு யாருடையதோ. உள் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். விரல் நகம் அளவில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். அதில் ஒரு பூனைப் படம், ஆங்கிலத்தில் 'தர்ஷி' என்ற பெயர், கீழே ஒரு போன் நம்பர்.

"ஸ்கூல் பிள்ளைங்க ஸ்டிக்கர். இங்க தொப்பி, டப்பா, ஷூ, எல்லாத்துலயும் பேர் ஒட்டித்தான் அனுப்புவாங்க. போடுங்க போனை" என்றார் கவுன்டர் அன்ரி.

முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை ஒரு பெண் குரல்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

யாழ்ப்பாணத் தமிழ். எனக்கு மூச்சு வந்தது. "ஏனுங்க, நான் கோயில்ல இருந்து பேசறனுங்க. உங்க பிள்ளை ஷூ இங்க இருக்குது. என்னோடது உங்ககிட்ட வந்திருச்சுங்க."

"ஐயோ! சப்பாத்தோ? நில்லுங்கோ, நில்லுங்கோ. நான்தான் எல்லாற்றையும் அள்ளிப் பையிலை போட்டனான். இவள் நிலம் சுடுது எண்டு வெறுங்காலோட ஓடிப்போய்க் காருக்குள்ள ஏறிட்டாள். பரவாயில்லை அக்கா, அடுத்த கிழமை கோயிலுக்கு வரேக்க கொண்டு வாறன்."

"அடுத்த வாரமா? அதுக்குள்ள என் பாஸ்போர்ட் இருக்குதுங்க!"

மறுமுனையில் ஓர் ஆண் குரல், "என்னவாம்?" என்றது. "பாஸ்போர்ட்டாம்" என்றார் அந்தப் பெண். உடனே இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. காரை ஓரம் கட்டிவிட்டார்கள். பின்கதவு திறந்தது, பை சரசரத்தது.

"அக்கா, ஒரு சொக்ஸ்தான் கிடக்கு. வேற ஒண்டும் இல்லை."

"இன்னும் உள்ளீங்க. விரல் நுனி வரைக்கும் கையை விடுங்க."

நான் பெருமாளையும் தாயாரையும் கூப்பிட்டேன். கவுன்டர் அன்ரி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம்! கிடக்கு! தோல் பை ஒண்டு கிடக்கு அக்கா!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் கல் என்னமாய்ச் சுடுகிறது என்று தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, "நல்லா இருப்பீங்க, நல்லா இருப்பீங்க" என்று போனில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அங்கையே நில்லுங்கோ, திரும்பி வாறம். சதர்லாண்ட் தாண்டிட்டம், அரை மணித்தியாலம் பிடிக்கும்."

பகல் 2 மணி. வெள்ளை நிறக் கார் வந்து நின்றது. போனில் பேசிய சுகந்தியும், ஓட்டி வந்த அவர் கணவர் ரஞ்சனும் இறங்கினார்கள். பின்சீட்டில் தர்ஷி. பதின்மூன்று வயது, காதில் இயர்போன், என்னைவிட ஒரு சாண் உயரம், கால் அதற்கு ஏற்ற மாதிரி. ரஞ்சன் தோல் பையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நாங்கள் திறக்கேல்லை. நீங்களே திறந்து சரியோ எண்டு பாருங்கோ."

திறந்தேன். நீல அட்டை, உள்ளே என் அசட்டுப் போட்டோ. அந்தப் போட்டோ அழகாக இருப்பதாக எனக்குத் தோன்றியது வாழ்க்கையில் அந்த ஒரு நிமிஷம்தான்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் அவர்கள் வீடு. அங்கிருந்து சென்ட்ரலுக்கு நிமிஷத்துக்கொரு ரயில், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, ரஞ்சன் பஸ் ஓட்டுகிறவர், மூன்று மணிக்கு டியூட்டி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்காக லேட்டாகுதேங்க! அவ்வளவு அவசரமா திரும்பணுமா? சாயங்காலம் நானே உங்க வீட்டுக்கு வந்து வாங்கியிருப்பனே."

"வேலைக்குச் சொல்லிப்போட்டன் அக்கா. அவங்கள் பதிலுக்கு ஆரையாவது விடுவாங்கள்." என்றார் ரஞ்சன். "நான் படகிலை வந்தனான். ஒன்பது வருசம் ஒரு நாட்டுப் பாஸ்போர்ட்டும் என்னட்டை இல்லை. அம்மா செத்த வீட்டை போனிலைதான் பாத்தனான். கையிலை அது இல்லாட்டி அரை மணித்தியாலமும் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் உடனை திருப்பினனான்."

நான் அதைத் தொலைத்தால் அண்ணன் திட்டுவாரே என்று பயந்தவள். வெட்கமாக இருந்தது, அதைவிட அந்த மனுஷர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. "உங்களுதை இப்ப எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"லாச்சியிலை பூட்டி, திறப்பை அவளிட்டைக் குடுத்திருக்கிறன்" என்றார். சுகந்தி சிரித்தார். "கிழமைக்கு ஒருக்கா மேசை லாச்சியைத் திறந்து பாத்துப்போட்டுத்தான் படுப்பார் அக்கா. சப்பாத்துக்குள்ளை வைக்கிற ஆள் நீங்கள்தான்."

வீட்டில், "கதிரையிலை இருங்கோ, அஞ்சு நிமிசம்" என்று சுகந்தி குசினிக்குள் போனார். அஞ்சு நிமிஷத்தில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், மீன் குழம்பு. புளியோதரை எங்கே போனதென்றே தெரியவில்லை, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். ரசம் சாப்பிட ஏன் பறக்க வேண்டும் என்று கேட்ட வாய்தான் இது. கை கழுவப் போனபோது, இந்தத் தடவை எதற்குள்ளும் ஒளிக்காமல், தோல் பையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது தர்ஷி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைஸ் லெதர், அன்ரி" என்றாள். அவள் என்னிடம் பேசியது மொத்தமே அந்த மூன்று சொல்தான்.

ஐந்தாம் நாள். காலை சென்ட்ரலில் மெல்பர்ன் ரயில். 92 டாலர், பதினொரு மணி நேரம். கோல்பர்ன், வாகா வாகா, ஆல்பரி. காய்ந்த புல்வெளி, ஆடு, மறுபடி காய்ந்த புல்வெளி. பக்கத்து இருக்கைக்காரர் போர் அடிக்கவில்லையா என்று கேட்டார். நேற்று என்னுடன் இருந்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்றேன். ஒன்றுமே நடக்காத பதினொரு மணி நேரம் எவ்வளவு சுகம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு, ஏழாம் நாள். மெல்பர்ன் நடுவில் டிராமுக்குக் காசு கிடையாது. ஏறினேன், இறங்கினேன், தோன்றிய இடத்தில் உட்கார்ந்தேன். காலையில் முப்பத்தாறு டிகிரி, மத்தியானம் காற்று திரும்பிப் பத்தொன்பது. சந்தையில் ஒரு கிலோ செர்ரி வாங்கி யாரா நதிக் கரையில் உட்கார்ந்து தனியாகவே தீர்த்தேன். புறநகரான டார்னெய்டில் எங்கள் கம்பெனியில் முன்பு இருந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், போக நினைத்து, செர்ரி வேலையைக் காட்டியதால் போகவில்லை. ஷூவைக் கழற்ற வேண்டிய இடம் எதற்கும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் நாள், வியாழன். விமான நிலையத்துக்கு பஸ். கவுன்டரில் பாஸ்போர்ட்டை எடுக்கப் பையைத் திறந்தேன். மூடியின் உட்பக்கத்தில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. பூனைப் படம், தர்ஷியின் பெயர், கீழே அந்தப் போன் நம்பர். கவுன்டர் பெண் கையை நீட்டிக் காத்திருக்க, நான் அந்த நக அளவு ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது எங்கே விழுந்தாலும், எடுக்கிறவர்கள் அந்த வீட்டுக்குத்தான் போன் போடுவார்கள். மறுபடியும் ஓர் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கும்.

திருச்சியில் வெளியே வந்ததும் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தார். பையை வாங்கித் தையலைத் தடவினார், மூடியைத் திறந்தார்.

"இதென்ன பூனை? யாரு நம்பர் இது?"

"எனக்கு ஒண்ணுன்னா அங்க கூப்பிட வேண்டிய வீடுங்கண்ணா."

"அப்ப என் நம்பர்?"

"உங்களுது இந்தியாவுக்குங்கண்ணா" என்றேன். அண்ணன் ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, பையை என் கழுத்திலேயே திருப்பி மாட்டினார்.